வாரண்டிக்குப் போன பூண்டு வாசம்

"அண்ணே, நீங்க புதுசா வச்சுவிட்ட சரக்கு மறுபடியும் மண்டையப் போட்டுருச்சு."

வட்டவடை பாண்டி இப்படிச் சொல்லிக்கொண்டே, கம்பளியில் சுற்றிய லேப்டாப்பை என் மேசையில் வைத்தான். தாலுகா ஆபீசுக்கு வந்தவர்கள் நாலு பேர் அப்போது கடையில் பிரிண்ட் எடுக்க நின்றிருந்தார்கள். நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பாண்டி ஜீப் ஓட்டுகிறவன். மூணாறு சந்தையில் ஒரு வளைவு தள்ளி நிற்பவனையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிட்டுப் பழகிய தொண்டை. சர்வீஸ் தொழிலில் மெஷின் கெட்டுப்போவது பெரிதில்லை. நாலு பேரைச் சாட்சி வைத்துச் சொல்லிவிடுகிறார்களே, அதுதான் பெரிது.

தேவிகுளத்தில் தாலுகா ஆபீஸ் ஏற்றத்தில், டீக்கடைக்கு அடுத்தது என் கடை. இந்தத் தொழிலை நான் எங்கும் போய்ப் படிக்கவில்லை. எஸ்டேட் ஆபீசில் எடைக்குப் போட வைத்திருந்த ஒரு கம்ப்யூட்டரைக் கெஞ்சி வாங்கி, தொழிலாளர் லயத்து வீட்டில் பிரித்து, மாட்டி, மறுபடி பிரித்து, நாலு முறை ஷாக் வாங்கிக் கற்றுக்கொண்டேன். கடைக்கு வரும் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு ஜாப் கார்டு எழுதுவேன். கொண்டுவந்தவர் நல்ல பேச்சாக ஏதாவது சொன்னால் அதையும் அந்தக் கார்டின் பின்பக்கம் எழுதி வைப்பேன். பாண்டி வீட்டுக் கார்டில் பின்பக்கம் நிரம்பி, ஓரத்திலும் எழுதியிருக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்தக் கார்டைத்தான்.

1. மூன்றாவது தடவை

லேப்டாப் பாண்டியின் மனைவி செல்வராணியுடையது. பாலக்காட்டில் காலேஜ் படித்தபோது அங்கேயே வாங்கியது. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பில்களைச் சரிபார்க்கும் வேலை அவளுக்கு எர்ணாகுளத்துக் கம்பெனி ஒன்றில் கிடைத்திருந்தது. வீட்டிலிருந்தே பார்க்கலாம். கேரட் வயலுக்குக் குறுக்கே இன்டர்நெட் கேபிள் இழுத்து, வீட்டுக்குள் ஒரு மூலையை ஆபீசாக்கி உட்கார்ந்துவிட்டாள். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை, ட்ரையல்தான். அவர்களுடைய சாப்ட்வேருக்குப் பதினாறு ஜிபி ரேம் வேண்டும் என்றார்கள். இவளுடையதில் எட்டுதான் இருந்தது.

இரண்டாவது ஸ்லாட் காலியாக இருந்ததால் அதில் இன்னொரு எட்டு ஜிபி போட்டேன். அடிப்பக்கம் ரேமுக்கென்று தனியாகச் சின்னக் கதவு வைத்த மாடல். ஒரே ஒரு ஸ்க்ரூ. பத்து நிமிட வேலை. கதவை மூடி, ஸ்க்ரூவின் மேல் என் கடை ஸ்டிக்கரையும் ஒட்டி, வாங்க வந்த பாண்டியிடம் இரண்டு வார்த்தை பெருமையாகப் பேசி அனுப்பினேன். என்ன பேசினேன் என்பதை அன்றைக்கே மறந்துவிட்டேன்.

ஒரு வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் கிராஷ் ஆக ஆரம்பித்தது. வேலைக்கு நடுவில் நீலத் திரை வரும். இல்லாவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும்.

முதல் தடவை கடைக்கு வந்தபோது ரேமைக் கழற்றி, அதன் பித்தளை நிறக் கால்களை அழிரப்பரால் தேய்த்து, திரும்ப மாட்டினேன். ஸ்லாட்டைச் சுற்றிக் கருப்பாகத் தூசி இருந்தது. பிரஷால் தட்டினேன், முழுசாகப் போகவில்லை. வட்டவடை ரோட்டுத் தூசி என்று விட்டுவிட்டேன். இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் குறிப்பை எழுத வேண்டியதே வந்திருக்காது. இரண்டாவது தடவை விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றினேன். இப்போது மூன்றாவது தடவை. செல்வராணியே போனில் பேசினாள்.

"அண்ணே, நான் உங்களக் கொற சொல்லல."

எங்கள் பக்கத்தில் ஒருவர் இப்படி ஆரம்பித்தால் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"ரேமு போடுறதுக்கு முன்னால மெதுவா ஓடுச்சு, ஆனா ஓடுச்சு. இப்ப வேகமா ஓடி வேகமா விழுகுது. திங்கக்கெழம காலையில ஒம்பதுல இருந்து சாயந்தரம் ஆறு வரைக்கும் லைவ்ல ஒக்காரணும்னு மேனேஜர் சொல்லிட்டாரு. நடுவுல ஒருக்கா ஆப் ஆனாலும் ட்ரையல் கேன்சல், வேற ஆளு."

அன்று புதன்கிழமை.

"உங்க ஊர் வோல்டேஜ் சரியில்லையோ என்னமோம்மா" என்றேன்.

"வோல்டேஜ் எறங்குனா பேட்டரியில ஓடணும்ல?"

"ஜீப்புல வர்ற குலுக்கல்ல ரேம் லூசாகியிருக்கும்."

"அந்த ஜீப்புல முட்டையே ஒடையாம வருதுண்ணே."

"பனி ஜாஸ்தி இல்லையா அங்க..."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள்.

எதிரே நின்ற பாண்டி, மனைவி சொன்னது போனுக்கு வெளியே கேட்டதும், "கரெக்டா சொல்லிட்டா" என்று தலையாட்டினான். நான் கார்டைத் திருப்பி அதை எழுதிக்கொண்டேன். என்னைத் திட்டியதாக இருந்தாலும் நல்ல வார்த்தையை விடக்கூடாது.

2. நோய்க்கும் பார், பேய்க்கும் பார்

வியாழக்கிழமை முழுக்க மெமரி டெஸ்ட் ஓட்டினேன். லேப்டாப்பின் இரண்டு பக்கமும் மரக்கட்டை வைத்துத் தூக்கி, அடிக்கதவைத் திறந்தே போட்டு, ரேமைக் கண்ணால் பார்த்துக்கொண்டே சோதிப்பது என் வழக்கம். காலையிலிருந்து மாலை வரை ஒரு தப்பும் வரவில்லை. டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் இறங்கிவிடும் பிள்ளையைப் போல என் கடையில் அது சமர்த்தாக ஓடியது.

மாலையில் பாண்டி வந்தான். கையில் எலுமிச்சம்பழம்.

"நோய்க்கும் பாரு, பேய்க்கும் பாருன்னு சொல்லியிருக்காங்கள்ல? நோய்க்கு நீங்க பாத்தாச்சு."

லேப்டாப்பை மூன்று முறை சுற்றிப் பழத்தை எடுத்துப்போய் ஜீப் டயருக்கு அடியில் வைத்து நசுக்கினான். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன பாண்டி, வண்டிக்குப் பூஜையா?" என்றார்.

"வண்டிக்கு இல்ல, பொண்டாட்டி லேப்டாப்புக்கு."

"அதுக்கு ஏன் வண்டிய ஏத்துற?"

"லேப்டாப்புக்கு டயர் இல்லியே."

நான் தடுக்கவில்லை. என் கையிருப்பில் இருந்த வித்தைகள் எல்லாம் தீர்ந்திருந்தன.

வாரண்டி யோசனை செல்வராணியுடையதுதான். வாங்கிய பில் பத்திரமாக இருந்தது. மூன்று வருட வாரண்டியில் இன்னும் இரண்டு மாதம் பாக்கி. "போர்டுலயே கோளாறுன்னா கம்பெனிதானண்ணே மாத்தித் தரணும்?" என்றாள். நியாயம்தான். இரண்டாவது ஸ்லாட் இதுவரை யாரும் பயன்படுத்தாதது. பிறவியிலேயே கோளாறாக இருந்திருந்தால் யாருக்குத் தெரியும்? பாலக்காட்டில் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் இருந்தது. நானே கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. வெளி ஆள் திறந்தது தெரிந்தால் வாரண்டி இல்லை என்று சொல்லிவிடுவார்களே! என் ஸ்டிக்கர் வேறு கடைப் பெயரோடு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுத்தேன். நான் போட்ட ரேமைக் கழற்றிச் சாக்லேட் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இப்போது அது யாரும் தொடாத லேப்டாப்.

வெள்ளிக்கிழமை விடியலில் பஸ் ஏறினேன். மறையூர் தாண்டி, சின்னாறு காட்டைத் தாண்டி, உடுமலைப்பேட்டையில் டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. ரேமோடு கொண்டுபோனால், 'நீ செய்த வேலை' என்பார்கள். ரேமைக் கழற்றிவிட்டால் கோளாறை எப்படிக் காட்டுவது? பல்வலிக்கு டாக்டரிடம் போகிறவன், பல்லைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவது போல நான் போய்க்கொண்டிருந்தேன்.

3. குடியிருந்து காலி பண்ணியவர்

சர்வீஸ் சென்டரில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் இப்ராகிம் பாய். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார்.

"வாங்க, வாங்க. மலையில இருந்துங்ளா? ஏனுங்க, இத்தன தூரம் தூக்கிட்டு வந்தீங்க?"

"அடிக்கடி கிராஷ் ஆகுதுங்க."

"வெளிய யாராச்சும் தொறந்து பாத்தாங்ளா?"

"இல்லைங்க."

அவர் லேப்டாப்பைத் திருப்பி, ஸ்க்ரூவின் மேல் விரலை ஓட்டினார். "இங்க ஏதோ பசையாட்ட ஒட்டுதுங்ளே."

"பழம் ஏதாச்சும் பட்டிருக்குங்க. குழந்தை இருக்கிற வீடு."

ஒரு வயதுப் பிள்ளை மேல் பழி போட்டேன். அந்தப் பிள்ளைக்கு நான் இன்னும் கடன்பட்டவன்.

"சரிங்க. இது பாட்டுக்கு ஓடட்டும். நான் ஜும்மா தொழுதுட்டு வந்தர்றேன். நீங்க பக்கத்துலயே ஒக்காந்து பாருங்க." லேப்டாப்பை மேசையில் படிய வைத்து, முழுப் பாரத்தையும் ஏற்றும் ஒரு டெஸ்டை ஓடவிட்டுப் போனார்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். என் கண் முன்னால் லேப்டாப் பட்டென்று அணைந்தது.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். என் ரேம் சட்டைப் பையில் இருக்கிறது. உள்ளே இருப்பது கம்பெனி போட்ட பழைய ரேம் மட்டும். அப்படியும் கிராஷ்! அப்படியானால், என் ரேம் நிரபராதி. நான் நிரபராதி. அந்த ஹாலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரிடமும் சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் சொல்ல முடியாது. அப்படி ஒரு ரேமே கிடையாது என்றல்லவா சொல்லி வைத்திருக்கிறேன்!

பாய் திரும்பி வந்து அடிப்பக்கம் கையை வைத்ததும் வெடுக்கென்று எடுத்தார். "தோசைக்கல்லாட்ட சுடுதுங்க." அடிக்கதவைத் திறந்தார். குனிந்து மோந்து பார்த்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"ஏனுங்க, இங்க பாருங்க. சுத்தியும் கருகருன்னு இருக்குது. இந்த ஸ்லாட்டுக்கு அடியில மட்டும் கட்டம் போட்டாப்பல சுத்தமா இருக்குதுங்ளே. இங்க ஒருத்தர் குடியிருந்து, இப்பத்தான் காலி பண்ணிட்டுப் போயிருக்காருங்க."

நான் சட்டைப் பையிலிருந்து சாக்லேட் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் பிரித்துப் பார்த்தார்.

"கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தானுங்க. உங்களுது ஒரு ஜும்மாவுக்குத் தாங்கலீங்ளே."

எல்லாவற்றையும் சொன்னேன். என் கடை, ஸ்டிக்கர், திங்கட்கிழமை, செல்வராணியின் வேலை, எலுமிச்சம்பழம் வரை. எலுமிச்சம்பழத்துக்கு மட்டும் சிரித்தார்.

"ரேம் போட்டுக்கறதுக்குன்னுதானுங்க கம்பெனிக்காரன் தனியா கதவே வச்சிருக்கறான். அதத் தொறந்தா வாரண்டி போயிருமுன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?"

யோசித்துப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொண்டது.

அவர் முழு அடிமூடியையும் கழற்றினார். ரேம் கதவோடு நிறுத்திக்கொண்ட நான் அந்த இடத்தை ஒருநாளும் தொட்டதில்லை. ஃபேனும், சூடு வெளியேறும் கம்பிச் சட்டமும் சட்டிக் கரி பிடித்துக் கம்பளி போர்த்தினாற்போல இருந்தன. விரலில் பிசுபிசுத்தது. காற்றுப் போக வழியே இல்லை. நான் கதவைத் திறந்து, கட்டை வைத்துத் தூக்கிச் சோதித்தேன். செல்வராணி மூடி, மேசையில் வைத்து வேலை பார்த்தாள். என் கடையில் விழாதது அவள் வீட்டில் விழுந்த காரணம் அவ்வளவுதான்.

"சூட்டுலதானுங்க படுக்குது. அது இருக்கட்டும், இது என்ன வாசமுங்க? லேப்டாப்புங்ளா, இல்ல அடுப்புக்கு மேல தொங்கற உறிங்ளா?"

அடுப்புக்கு மேல். அந்தச் சொல் என் காதில் விழுந்ததும் பாண்டிக்குப் போன் போட்டேன். பாயும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

"பாண்டி, வேல முடிஞ்சதும் லேப்டாப்ப எங்க வைப்பீங்க?"

"பத்திரமாத்தான்ணே வைக்கோம்."

"எங்கன்னு கேட்டேன்."

"பரண்ல."

"எந்தப் பரண்?"

"அடுப்படிப் பரண்தான். வெதப்பூண்டுக்குப் பக்கத்துல."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வட்டவடையில் அடுத்த நடவுக்கான விதைப்பூண்டைக் கட்டுக்கட்டாக அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிடுவார்கள். அன்றாடச் சமையல் புகை பட்டுப் பட்டு ஈரமும் பூச்சியும் அண்டாமல் அது காத்துக் கிடக்கும். வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. அந்த ஊர் ஆட்கள் மேலெல்லாம் அந்தப் புகைப் பூண்டு வாசம் இருக்கும். பாண்டி கொண்டுவரும் எல்லாமே அப்படி மணப்பதால் லேப்டாப் மணந்ததை நான் கவனிக்கவே இல்லை. பாலக்காட்டு மூக்குதான் கண்டுபிடித்தது.

"ஏன்டா அங்க கொண்டுபோயி வச்ச?"

"வெதப்பூண்டு வைக்கிற எடத்துல வச்சிருக்கோம்னா எம்புட்டு மரியாதைன்னு பாத்துக்கங்க. பனி எறங்காது, பூச்சி ஏறாது, ஒரு மொளகூட விடாது."

"லேப்டாப் மொளைக்காதுடா!"

"மொளைக்கலைல்ல? அப்ப நல்லாத்தான வச்சிருக்கோம்?"

இப்ராகிம் பாய் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

"ரேம் போடுறதுக்கு முன்னாடி எங்க வச்சிருந்தீங்க?"

"முன்ன பீரோவுலதான். நீங்கதானண்ணே சொன்னீங்க, 'பாண்டி, இனிமே இது பழைய மெஷின் இல்ல, ராஜா. ஈரம் படாம ராஜா மாதிரி பாத்துக்க'ன்னு. நீங்க சொன்ன அன்னைக்கே பரண்ல ஏத்திட்டேன்."

நான் மறந்துபோன இரண்டு வார்த்தை அதுதான். என் ரேம் நிரபராதி, சரி. என் வாய்?

4. எழுதினால் பதினைந்து நாள்

பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். "தண்ணி, பொகை, எலி, இது மூணுக்கும் வாரண்டி இல்லீங்க. நீங்க வேணுமுன்னா எழுதிப் போடறேன். எறணாகுளம் போயி, பதினஞ்சு நாள் கழிச்சு இல்லைன்னு பதில் வரும். கழுவுனா ஒரு மணி நேரந்தான்."

"திங்கட்கிழமை அந்தப் பொண்ணுக்கு வேணுங்க."

"அப்பறம் என்னத்துக்கு அங்கயே நிக்கறீங்க? நீங்களும் தொழில்காரர்தானுங்ளே, இந்தப் பக்கம் வாங்க."

மேசைக்கு அந்தப் பக்கம் போனேன். கையில் ஒரு பிரஷைக் கொடுத்தார். ஃபேனைத் தனியாகக் கழற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து நனைத்து இருவரும் துடைத்தோம். மூன்று துணி கருத்துப்போனது. ப்ராசஸருக்குச் சூடு கடத்தும் புதுப் பேஸ்ட் தடவினார். என் ரேமை எடுத்து என்னிடமே நீட்டி, "காலி பண்ணுனவர மறுபடி குடி வையுங்க" என்றார். மூடியை மாட்டி, அதே டெஸ்டை அதே மேசையில் ஓட்டினோம். இரண்டு மணி நேரம் அசையவில்லை. அடியில் கை வைத்தால் வெதுவெதுப்புத்தான்.

சர்வீஸ் சீட்டில் கோளாறின் காரணம் என்ற இடத்தில் அவர் 'பூண்டு' என்று எழுதினார்.

"புகைன்னு எழுதுங்களேன்" என்றேன்.

"பொகை எல்லா ஊருலயும் இருக்குதுங்க."

5. திங்கட்கிழமை

ஞாயிற்றுக்கிழமை நானே பாண்டியின் ஜீப்பில் வட்டவடைக்குப் போனேன். பரணை என் கண்ணால் பார்க்க வேண்டும். பாண்டி வழியெல்லாம் தைரியம் சொன்னான். "கவலப்படாதீங்கண்ணே. அதுக்கு வேற எடம் ரெடி பண்ணிட்டேன். பரண விடப் பெரிய எடம்."

வீட்டுக்குள் போனதும் காட்டினான். சாமி அலமாரி. நடுத்தட்டை லேப்டாப்புக்காக ஒழித்து, கீழே பட்டுத்துணி விரித்திருந்தான். மேல்தட்டில் விளக்கு, ஊதுபத்தி. ஓரத்தில் சாம்பிராணித் தூபக்கால், அப்போதுதான் போட்டிருந்தது, கமகமவென்று புகைந்துகொண்டிருந்தது.

செல்வராணி தலையில் கை வைத்தாள். "ஏங்க, இதுவும் பொகதான!"

"இது சாமிப் பொகம்மா."

"ஃபேனுக்கு அது தெரியுமா?"

லேப்டாப் பழையபடி பீரோவுக்கே போனது. சாவியைச் செல்வராணி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணியிலிருந்து கடையில் போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பிரிண்டர் வேலையைக் கையில் எடுத்து, அதே ஸ்க்ரூவை நாலு முறை கழற்றி மாட்டினேன். பதினொரு மணிக்குப் பாண்டி கூப்பிட்டான்.

"என்னாச்சு?"

"கேரட்டு ஏத்தப்போறேன். ஒங்க வீட்டுக்கு ரெண்டு கிலோ போடவா?"

"போன வைடா."

ஆறு அடித்துப் பத்து நிமிடம் கழித்துச் செல்வராணி கூப்பிட்டாள்.

"அண்ணே, நான் உங்களக் கொற சொல்லல."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"முன்ன இந்த ஃபேனு கெடந்து எரையும். இன்னைக்குச் சத்தமே காணோம். ஓடுதா நின்னுருச்சான்னு அடியில தொட்டுத் தொட்டுப் பாத்தே எனக்குப் பாதி உசுரு போச்சு. இத மொதல்லயே சொல்ல மாட்டீங்களா?"

"அணைஞ்சுதாம்மா?"

"எங்க அணைய? ஒம்பது மணி நேரம். ஒருக்காகூட இல்ல."

"மேனேஜர் என்ன சொன்னாரு?"

"நாளைக்கும் வரச் சொன்னாரு. நாளன்னைக்கும். ட்ரையல் முடிஞ்சுது, பேப்பர் அனுப்புறேன்னுட்டாரு."

இதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். பின்னால் பாண்டி யாரிடமோ ஊருக்கே கேட்கும்படி அதைச் சொல்லிக்கொண்டிருந்தான். அன்றைக்கு அந்தத் தொண்டையை நான் குறை சொல்லவில்லை.

இப்போது என் ஜாப் கார்டில் மாடல், சீரியல் நம்பர், கோளாறு என்ற வரிகளுக்குக் கீழே இன்னொரு வரி அச்சடித்திருக்கிறேன்: 'வேலை முடிந்ததும் எங்கே வைப்பீர்கள்?' கேட்டால் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் உண்மையைச் சொல்வார்கள். ஒருவர் குளிருக்கு மெத்தைக்கு அடியில் வைக்கிறார். ஒரு டீச்சர் பிரிட்ஜ் மேல் வைக்கிறார். ஹோம்ஸ்டே நடத்தும் ஒருவர் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். மெஷினைத் திறப்பதற்கு முன்னால் பாதிக் கோளாறு இந்த வரியிலேயே கிடைத்துவிடுகிறது. கருப்பாக ஏதாவது கண்ணில் பட்டால் ரோட்டுத் தூசி என்று நானே முடிவு கட்டுவதில்லை, கேட்டுவிடுகிறேன். திறந்ததைத் திறக்கவில்லை என்றும் சொல்வதில்லை.

இன்னொன்றையும் மாற்றிக்கொண்டேன். மெஷினைத் திருப்பிக் கொடுக்கும்போது முன்பு போலப் பெருமை பேசுவதில்லை. கையில் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று சொல்கிறேன்:

"இதுக்கு ரொம்ப மரியாத குடுக்காதீங்க."